தமிழில் டாக்டர்களை உருவாக்கிய அமெரிக்கர்



இந்த மாதச் சுவர் இதழுக்கு அறிவியல் அறிஞர் ஒருவரின் வாழ்க்கை வரலாறு எழுதச் சொன்னார்கள். கலாம் ஐயாவைப் பற்றி ஏழு பேரும் மேரி கியூரி அம்மையாரைப் பற்றி நாலு பேரும் ஏற்கெனவே பேர் கொடுத்துட்டாங்க. அதனால் நான் எழுதப்போவது டாக்டர் சாமுவேல் ஃபிஸ்க் கிரீன் அவர்களைப் பற்றி. யாழ்ப்பாணத்தில் கிறீன் என்று எழுதுவார்கள். அங்கே இவர் பெயர் ரொம்பப் பிரபலம். நம்ம ஊரில்தான் யாருக்கும் தெரியவில்லை. எனக்கும் போன மாதம் வரை தெரியாது.

இவரைத் தேர்ந்தெடுத்ததற்கு எங்க அக்காதான் காரணம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன். அக்கா இதே பள்ளியில்தான் படித்தாள். பிறகு பக்கத்து ஊரில் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். உயிரியலில் நல்ல மார்க். இப்போது வெளியூரில் நர்சிங் படிக்கிறாள். முதல் வருடம் தினமும் ராத்திரி போன் பண்ணி அழுவாள். வகுப்பில் ரீனல், ரீனல் என்று ஒரு மணி நேரம் பாடம் நடந்ததாம். அக்காவுக்குச் சிறுநீரகம் தெரியும், கிட்னி தெரியும், நெஃப்ரான் படம் கண்ணை மூடிக்கொண்டு வரைவாள். ஆனால் ரீனல் என்றாலும் சிறுநீரகத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்று அவளுக்குத் தெரியவில்லை. கேட்கவும் வெட்கம். அன்னைக்கு அம்மா சொன்னாங்க, நாமதான் தப்புப் பண்ணிட்டோம், சின்னதிலேயே இங்கிலீஷ் மீடியத்தில் போட்டிருக்கணும் என்று. அந்தப் பேச்சு எனக்கு ரொம்ப நாள் மனசுக்குள்ளேயே இருந்தது. ஏன்னா நானும் தமிழ் மீடியம்தானே.

இதை நம்ம அறிவியல் சாரிடம் சொன்னபோதுதான், நூற்றைம்பது வருடத்துக்கு முன்னாடியே தமிழில் டாக்டருக்குப் படித்தவர்கள் இருக்காங்க, சொல்லிக்கொடுத்தவர் ஒரு வெள்ளைக்காரர் என்று சொன்னார். நான் நம்பவே இல்லை. சார் சும்மா ஆறுதலுக்குச் சொல்றார் என்றுதான் நினைத்தேன். இனி அவர் கதை.

டாக்டர் கிரீன் 1822ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் தேதி அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வூஸ்டர் என்ற ஊரில் பிறந்தார். வீட்டின் பெயர் கிரீன் ஹில். அப்பா வக்கீல். பதினோரு பிள்ளைகளில் இவர் எட்டாவது. இவருக்கு இரண்டு வயது மூத்த அண்ணன் ஆண்ட்ரூ ஹாஸ்வெல் கிரீன், அமெரிக்காவில் பெரிய ஆள். நியூயார்க்கில் சென்ட்ரல் பார்க் என்ற பெரிய பூங்கா உருவானதிலும், 1898இல் சுற்றியிருந்த ஊர்களெல்லாம் சேர்ந்து ஒரே நியூயார்க் மாநகரம் ஆனதிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. அண்ணன் அவ்வளவு பெரிய நகரத்தை உருவாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் தம்பி என்ன செய்தார் என்றால், மானிப்பாய் என்ற கிராமத்தில் திண்ணையில் நோயாளிகள் காத்திருக்க, உள்ளே உட்கார்ந்து எலும்புகளுக்குத் தமிழ்ப் பெயர் தேடிக்கொண்டிருந்தார்.

1845இல் நியூயார்க்கில் மருத்துவக் கல்லூரிப் படிப்பை முடித்தார். 1847 ஏப்ரலில் பாஸ்டன் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். அதற்கு ஆறு மாதத்துக்கு முன்புதான், 1846 அக்டோபரில், அதே பாஸ்டன் நகரத்து மருத்துவமனையில் ஈதர் கொடுத்து வலி தெரியாமல் ஆபரேஷன் செய்யலாம் என்று எல்லார் முன்னாலும் செய்து காட்டியிருந்தார்கள். அதுவரைக்கும் ஏறக்குறைய எல்லா ஆபரேஷனும் முழு நினைவோடுதான்! நினைக்கவே உடம்பு நடுங்குகிறது. அப்படி மருத்துவமே மாறிக்கொண்டிருந்த நேரத்தில் படித்து வந்தவர் இவர்.

சூயஸ் கால்வாய் அப்போது கிடையாது, 1869இல்தான் திறந்தார்கள். அதனால் ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு வரவேண்டும். (எட்டாம் வகுப்புத் தங்கைகள் உலக வரைபடத்தில் விரலால் ஓட்டிப் பாருங்கள், கை வலிக்கும்.) செப்டம்பரில் சென்னை, அக்டோபரில் யாழ்ப்பாணம். இலங்கை அப்போது ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. யாழ்ப்பாணத்தில் அமெரிக்க மிஷன்காரர்கள் முப்பது வருடங்களுக்கு முன்பே வந்து பள்ளிக்கூடம், அச்சகம் எல்லாம் வைத்திருந்தார்கள். இவருக்கு முன்பு ஜான் ஸ்கடர் என்ற டாக்டர் அங்கே வேலை பார்த்திருக்கிறார். அந்த ஸ்கடரின் பேத்திதான் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையை ஆரம்பித்த ஐடா ஸ்கடர். எங்க தாத்தாவுக்கு இதயத்தில் கோளாறு வந்தபோது அங்கேதான் கூட்டிப் போனோம். அதனால் இதைப் படித்தபோது ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

டாக்டர் கிரீன் வந்தது மத ஊழியத்துக்குத்தான். அதை மறைத்து எழுதினால் சரியாக இருக்காது. மருத்துவம் செய்வதும் பைபிள் சொல்வதும் அவருக்கு ஒரே வேலை. ஆனால் கிறிஸ்தவரான தமிழர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு வெள்ளைக்காரர் மாதிரி ஆவதை அவர் விரும்பவில்லை. தமிழர்கள் தமிழர்களாகவே இருக்கவேண்டும் என்று எழுதியிருக்கிறார்.

1848இல் மானிப்பாயில் மருத்துவமனையைத் தொடங்கினார். அதே வருடம் சில மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு வகுப்பும் ஆரம்பித்துவிட்டார். தான் ஒருத்தன் எத்தனை பேருக்கு வைத்தியம் பார்க்க முடியும், ஊர்க்காரர்களையே டாக்டர் ஆக்கிவிட்டால் எவ்வளவு பேருக்குப் பயன்படும் என்பது அவர் எண்ணம். அப்போது அவருக்கு வயது 26 கூட ஆகவில்லை. இலங்கையில் மேலைநாட்டு மருத்துவம் சொல்லிக்கொடுத்த முதல் பள்ளிக்கூடம் என்றே இதைச் சொல்லலாம். கொழும்பில் அரசாங்க மருத்துவப் பள்ளி வந்தது 1870இல்தான். கிராமத்துப் பள்ளிக்கூடம் தலைநகரத்தை விட 22 வருடம் சீனியர்!

மாணவர்கள் காலையில் நோயாளிகளைப் பார்க்கும்போது கூடவே நிற்பார்கள், மருந்து கலப்பார்கள், கட்டுப் போடுவார்கள். பிறகு பாடம். இங்கேதான் முக்கியமான விஷயம் வருகிறது. முதலில் அவர் பாடம் நடத்தியது ஆங்கிலத்தில்தான். மாணவர்கள் வட்டுக்கோட்டை செமினரியில் ஆங்கிலம் படித்தவர்கள். அதனால் கஷ்டம் இல்லை. ஆனால் வேறு ஒரு கஷ்டம் வந்தது. படித்து முடித்தவர்கள் ஊரில் தங்கவில்லை. ஆங்கிலம் தெரிந்த டாக்டருக்கு அரசாங்க வேலை, நல்ல சம்பளம், தூரத்து ஊர்களில் காத்திருந்தது. கிளம்பிப் போய்விட்டார்கள். யாழ்ப்பாணத்துக் கிராமங்களில் காலராவும் அம்மையும் வந்தபோது பார்ப்பதற்கு ஆள் இல்லை.

அவர்கள் போனதைத் தப்பு என்று என்னால் சொல்ல முடியவில்லை. எங்க அக்காவும் படித்து முடித்து ஊருக்கு வருவாள் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை, அம்மாவே எதிர்பார்க்கவில்லை. வீட்டுக் கடன் இருக்கிறது. அந்த மாணவர்களுக்கும் வீட்டில் ஏதாவது இருந்திருக்கும்.

ஆனால் டாக்டர் கிரீன் மாணவர்களைத் திட்டிக்கொண்டிருக்கவில்லை. தன் பாட முறையைத்தான் மாற்றினார். தமிழிலேயே மருத்துவம் படித்தால், படித்தவர் தன் ஊர் ஜனங்களிடம் அவர்கள் பேச்சிலேயே நோயை விளக்குவார், அங்கேயே தங்குவார் என்று முடிவு செய்தார். ஆனால் அதற்குப் புத்தகம் வேண்டுமே? புத்தகத்துக்குச் சொல் வேண்டுமே? அப்போது தமிழில் மேலைநாட்டு மருத்துவப் பாடநூல் ஒன்றுகூடக் கிடையாது. எனவே தானும் மாணவர்களுமாகச் சேர்ந்து செய்ய உட்கார்ந்தார். அவரே தமிழை ஆனா ஆவன்னாவிலிருந்து படித்தவர் என்பதை மறக்காதீர்கள்!

1852இல் முதல் புத்தகம் வந்தது. அதன் பெயரை ஒரே மூச்சில் சொல்லுங்கள் பார்க்கலாம்: 'அங்காதிபாத சுகரணவாத உற்பாலன நூல்'. எனக்கு நாலு தடவை ஆச்சு. அங்காதிபாதம் என்றால் இப்போது நாம் உடற்கூறியல் என்று சொல்வது. சுகரணவாதம் என்றால் உடல் எப்படி வேலை செய்கிறது என்பது, உடலியங்கியல். உற்பாலனம் என்றால் சுகாதாரம். கால்வின் கட்டர் என்ற அமெரிக்க டாக்டர் எழுதிய நூலின் தமிழாக்கம் இது.

1857இல் பிரசவ வைத்தியம் பற்றிய புத்தகம் வந்தது. அதைத் தமிழில் கொடுத்தவர் கிரீனின் மாணவர் டான்போர்த். பெயரைப் பார்த்து இவரும் அமெரிக்கர் என்று நினைக்காதீர்கள், யாழ்ப்பாணத் தமிழர்தான். மிஷன் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளுக்கு, அமெரிக்காவிலிருந்து படிப்புச் செலவுக்குப் பணம் அனுப்புகிறவர்களின் பெயரை வைத்துவிடுவார்களாம். சாப்மன், எவர்ட்ஸ், கூல்ட் என்றெல்லாம் பெயர்கள். இது மட்டும் எனக்குப் பிடிக்கவில்லை. அப்பா அம்மா வைத்த பெயரை எடுத்துவிட்டுப் பணம் கொடுத்தவர் பெயரை வைப்பது என்ன நியாயம்? தமிழர் தமிழராக இருக்கவேண்டும் என்று சொன்னவரின் மாணவர்களுக்கே இப்படிப் பெயர் இருந்தது வேடிக்கைதான்.

பத்து வருடம் கழித்து உடல்நலம் கெட்டு, 1857இல் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். அங்கே ஓய்வெடுத்து, மார்கரெட் வில்லியம்ஸ் என்ற உறவுக்காரப் பெண்ணைத் திருமணம் செய்துகொண்டு, 1862இல் மனைவியோடு திரும்பி வந்தார். உடம்பு சரியில்லாமல் போனவர் திரும்பி வரவேண்டிய கட்டாயமே இல்லை. வந்தார். வந்து, 1864இல் முழுக்க முழுக்கத் தமிழில் மருத்துவ வகுப்பைத் தொடங்கினார்.

இப்போது புத்தகங்கள் வரிசையாக வந்தன. 'இரண வைத்தியம்' 1867இல் வந்தது. அறுவை மருத்துவம் பற்றியது. ரணம் என்று நாம காயத்தைச் சொல்றோம் இல்லையா, அதே சொல்தான். 'மனுஷ அங்காதிபாதம்', 'வைத்தியாகரம்' இரண்டும் 1872இல் வந்தன. 'கெமிஸ்தம்' 1875இல்.

'மனுஷ அங்காதிபாதம்' எதன் தமிழாக்கம் தெரியுமா? கிரேஸ் அனாட்டமி! எங்க அக்காவின் கல்லூரி நூலகத்தில் கண்ணாடி பீரோவில் வைத்திருப்பார்களே, தலையணை சைஸ் புத்தகம், அதேதான். ஆங்கிலத்தில் முதல் பதிப்பு லண்டனில் வந்தது 1858. தமிழில் வந்தது 1872. இடையில் பதினாலே வருடம்! விமானம் இல்லை, டைப்ரைட்டர்கூட இல்லை. கையால் எழுதித்தான் அச்சுக்குக் கொடுக்கணும். இதை அக்காவிடம் போனில் சொன்னபோது ஒரு நிமிஷம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று நினைத்து ஹலோ ஹலோ என்று கத்தினேன்.

கெமிஸ்தம் என்ற பெயரை முதலில் கேட்டபோது நான் சிரித்துவிட்டேன். கெமிஸ்ட்ரியைத்தான் அப்படி எழுதியிருக்கிறார். ஆனால் அவர் தோணினபடி செய்யவில்லை. ஒரு முறை வைத்திருந்தார். முதலில் தமிழில் ஏற்கெனவே சொல் இருக்கிறதா என்று பார்ப்பார். இல்லையென்றால் வடமொழியில் தேடுவார். அதிலும் கிடைக்காவிட்டால் ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்வார். அதனால்தான் ஒரு புத்தகத்துக்கு இரண வைத்தியம் என்றும் இன்னொன்றுக்குக் கெமிஸ்தம் என்றும் பெயர். மருந்துச் சொற்களுக்கும் மருத்துவச் சொற்களுக்கும் ஆங்கிலம் தமிழ் சொல்தொகுதிகளும் 1875இல் வெளியிட்டார். ஒரு பக்கம் ஆங்கிலச் சொல், எதிரே தமிழ்ச் சொல்.

குறையும் சொல்லிவிடுகிறேன். அவருடைய சொற்களில் நிறைய வடமொழி. அங்காதிபாதம், சுகரணம் எல்லாம் நமக்கு வாயில் நுழையவில்லை. இப்போது நாம் படிக்கும் உடற்கூறியல், வேதியியல் எல்லாம் பின்னால் வந்த தமிழறிஞர்கள் செய்த சொற்கள், கேட்டவுடனே பாதி புரிகிறது. ஆனால் முதன்முதலில் ஒருவர் பாதை போடும்போது கல்லும் முள்ளுமாகத்தானே இருக்கும்.

இந்தச் சமயத்தில் சார் எனக்குக் காட்டிய இரண்டு பக்கங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். டாக்டர் கிரீனின் பழைய புத்தகத்திலிருந்து சார் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். நான் படிக்க ஆரம்பித்தேன், தடுக்கித் தடுக்கி விழுந்தேன். ஏன்னா அதில் லை, ணை, னை எல்லாம் தும்பிக்கை வைத்த பழைய எழுத்து. றா, ணா, னாவும் வேற மாதிரி. 1978இல் அரசாங்கம் எழுத்தை மாற்றியதற்கு முன்பு எல்லாரும் எழுதியது அப்படித்தான். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தாத்தாவிடம் கொடுத்தேன். தாத்தா ஐந்தாம் வகுப்புதான். கண்ணாடியை மாட்டிக்கொண்டு மளமளவென்று படித்துவிட்டார்! படித்துவிட்டு, இது நம்ம வயித்தப் பத்தில்ல எழுதியிருக்கு என்றார். மருத்துவப் புத்தகம், நூற்றைம்பது வருடப் பழசு, ஐந்தாம் வகுப்புப் படித்த தாத்தாவுக்கு எதைப் பற்றியது என்று புரிகிறது. டாக்டர் கிரீன் ஆசைப்பட்டதும் இதற்குத்தானோ என்னவோ.

அந்தக் காலத்தில் காலரா வந்தால் ஊரே காலியாகும். டாக்டர் கிரீன் காலரா பற்றித் தமிழில் சின்னச் சின்னத் துண்டுப்பிரசுரங்கள் அச்சடித்துக் கொடுத்தார். ஆனால் காலராவுக்கு ஒரு பாக்டீரியாதான் காரணம் என்று அவருக்குத் தெரியாது. நமக்குத் தெரியும், விப்ரியோ காலரே. ராபர்ட் காக் கல்கத்தாவில் ஆராய்ச்சி செய்து அதை உறுதியாக அறிவித்தது 1884இல். கிரீன் இறந்ததும் அதே வருடம். நம்ம புத்தகத்தில் ஒரு மார்க் கேள்வியாக இருப்பது அவ்வளவு பெரிய டாக்டருக்குத் தெரியாமல் இருந்தது என்பதை யோசித்தால் ஒரு மாதிரி இருக்கிறது.

மறுபடியும் உடல்நலம் கெட்டு 1873இல் அமெரிக்கா போனார். இந்த முறை திரும்பி வரவில்லை. ஆனால் வேலையை விடவில்லை. வூஸ்டரில் கிரீன் ஹில் வீட்டில் உட்கார்ந்து, சுற்றிலும் தமிழ் தெரிந்த ஒருத்தர்கூட இல்லாத ஊரில், தமிழ்ப் புத்தகம் திருத்திக்கொண்டிருந்தார். 'கெமிஸ்தம்' வந்ததும் 'மனுஷ சுகரணம்' 1883இல் வந்ததும் அவர் அமெரிக்காவில் இருக்கும்போதுதான். 'இந்து பதார்த்த சாரம்' 1884இல், நம் நாட்டு மருந்துப் பொருள்களைப் பற்றியது. எல்லாம் சேர்ந்து நாலாயிரம் பக்கத்துக்கு மேல். மொத்தம் அறுபதுக்கும் அதிகமான டாக்டர்களை உருவாக்கினார், அதில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமிழிலேயே படித்தவர்கள்.

அப்படியென்றால் அந்தத் தமிழ் மருத்துவப் பள்ளி இப்போது எங்கே என்று கேட்பீர்கள். இல்லை. அவர் போன பிறகு அவருடைய மாணவர்கள் கொஞ்ச காலம் நடத்தினார்கள், பிறகு நின்றுபோனது. கொழும்புப் பள்ளியில் ஆங்கிலம், சென்னையிலும் ஆங்கிலம். அரசாங்க வேலைக்கும் ஆங்கிலம். தமிழில் படித்த டாக்டருக்கு யார் வேலை கொடுப்பது? புத்தகம் மட்டும் இருந்தால் போதாது போலிருக்கிறது. மானிப்பாயில் அவர் பெயரில் கிறீன் நினைவு மருத்துவமனை இருக்கிறது.

1884ஆம் ஆண்டு மே 28ஆம் தேதி வூஸ்டரில் இறந்தார். வயது 61. கல்லறை சாதாரணமாக இருக்கவேண்டும், அதில் தமிழர்களுக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்ற பொருளில் எழுதினால் போதும் என்று சொல்லியிருந்தார். அப்படியே செய்தார்கள். அமெரிக்காவில் ஒரு கல்லறைக் கல்லில் நம்ம பெயர் இருக்கிறது. தெருவில் போகிறவர்கள் யார் இந்தத் தமிழர்கள் என்று யோசிப்பார்களோ?

பொங்கல் லீவுக்கு அக்கா வந்திருந்தாள். இப்போதெல்லாம் அழுவதில்லை. ஒரு நீள நோட்டு வைத்திருக்கிறாள். இடது பக்கம் ஆங்கிலச் சொல், வலது பக்கம் தமிழ்ச் சொல், இரண்டாம் வருடத்துக்குள் எண்பது பக்கம் நிரம்பிவிட்டது. வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து வந்த மற்ற ஐந்து பேரும் அதை வாங்கிப் போய் எழுதிக்கொள்கிறார்களாம். முதல் பக்கத்தைப் பார்த்தேன். அனாட்டமி, எதிரே உடற்கூறியல். நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பென்சிலால் கீழே அங்காதிபாதம் என்று எழுதினாள். எழுதிவிட்டு, பரீட்சையில் இதை எழுதினால் முட்டை மார்க்தான் என்று சிரித்தாள்.

அந்த இரண்டு பக்கப் பிரிண்ட் அறிவியல் சாரிடம் இருக்கிறது. பார்க்க விரும்புகிறவர்கள் மதிய இடைவேளையில் ஆய்வகத்தில் போய்க் கேளுங்கள். சாப்பிட்ட கையோடு போனால் தரமாட்டார்.

- ஒன்பதாம் வகுப்பு 'அ' பிரிவு மாணவி